மார்கிரட் வைத்த வெறும் பெட்டி

மார்கிரட் தன் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது மணிக்கயிறு என் கையில் இருந்தது. கோயிலின் பக்கவாசலில் நின்றால் மேசை முழுவதும் தெரியும். வழக்கம்போல ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் பாயிலிருந்து எழுந்து வந்து, தன் வீட்டுப் பனையோலைப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். பெட்டிகள் தொம் தொம் என்று இறங்கின. மார்கிரட்டின் பெட்டி மட்டும் காய்ந்த சருகு விழுந்த மாதிரி ஒரு சத்தம் போட்டது. அவள் மூடியையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். உள்ளே அரிசி இல்லை. ஓர் எறும்பு இருந்தது. அதுவும் ஏமாந்துபோய் விளிம்பில் ஏறி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்தில் நின்று எறும்பை எப்படிக் கண்டாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அப்போது என் கண் நல்ல கண்.

நான் சைவக்காரன். எனக்கும் மிஷன் கோயிலுக்கும் உள்ள தொடர்பு அந்தக் கயிறு மட்டுந்தான். ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம் என்று அவர்களுடைய மூப்பர் கனகரத்தினம் ஒருநாள் எழுந்து நின்று சொன்னார். அப்படியானால் மணி அடிப்பது வேலையா இல்லையா என்று கேள்வி வந்தது. சபை கூடிப் பேசி, வேலைதான் என்று முடிவானது. அந்தப் பாவத்தைச் செய்ய வெளியாள் ஒருவன் தேவைப்பட்டான். என் புகையிலைத் தோட்டம் கோயில் வேலிக்கு அடுத்தது என்பதால் முத்துக்குமாருவாகிய எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. கூலி மாதம் ஒரு கொத்து அரிசி. நான் மணி அடித்தால் தொண்டைமானாற்றில் மீன்கள் திடுக்கிட்டுக் கரையேறும் என்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவர்கள் செத்துப்போனார்கள்.

மேசைக்கு வந்த பெட்டிகளுக்குப் பிடியரிசிப் பெட்டி என்று பெயர். அது அவர்களுடைய வழக்கம். உலை கொதிக்கும்போது, சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் தொங்குகிற பெட்டியில் போடுவாள். அது கடவுளின் பிடி. வீட்டில் யார் அரைவயிற்றோடு எழுந்தாலும் அதில் கை வைக்கக்கூடாது. ஞாயிறன்று பெட்டி கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் கோயில் வளவிலேயே இருக்கிற உபதேசியார் சிமியோனின் வீட்டுக்குப் போகும். மிஷன் கொடுத்த சம்பளம் அவருக்கு விளக்குக்கு எண்ணெய் வாங்கவே காணாது. அவரும் மனைவி அருமைநாயகியும் பிள்ளைகளும் உயிரோடு இருந்தது அந்தப் பிடியரிசியில்தான். என் கூலியும் அதிலிருந்துதான். இதில் ஒரு வேடிக்கை, உபதேசியார் வீட்டிலிருந்தும் ஒரு பெட்டி மேசைக்கு வரும். தங்களுக்கு வந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தங்களுக்கே காணிக்கை வைப்பதில் என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்டேன்.

"நான் வைக்காமல் மற்றவையை எப்பிடி முத்துக்குமாரு வைக்கச் சொல்லுறது?" என்றார்.

அப்படிப்பட்ட மனுசன். தேள் கொட்டினால், "நான்தான் இடைஞ்சலாய் நிண்டிட்டன்" என்று தேளுக்குச் சமாதானம் சொல்லுவார். அவர் ஒருவரைக் கண்டித்துப் பேசி அந்த ஊரில் எவரும் கேட்டதில்லை. மெலிந்த உடம்பு, தணிந்த குரல். பிரசங்கம் செய்யும்போது முன்வரிசை வாங்குப் பலகையில் இருக்கிறவர்களே காதைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அவன் பிடித்தது எங்களுடைய சோற்றுப்பானையை என்று விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. வல்வெட்டித்துறைத் தோணிகள் போய் ஏற்றிவந்த பர்மா அரிசி நின்றுபோயிற்று. ஏற்றப் போன தோணி ஒன்றில் மார்கிரட்டின் புருசன் அடைக்கலநாதனும் போயிருந்தான். அவனும் நின்றுபோனான். உயிரோடா இல்லையா என்று ஒரு செய்தியும் இல்லை. கூப்பன் கடையில் கொடுத்த அரிசியைக் கோழிக்குப் போட்டால் கோழி நம் முகத்தைப் பார்த்தது. ஊர் முழுவதும் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற்கூழும் மரவள்ளிக்கிழங்கும்தான். கோயில் முகட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த காகங்கள், சன்னதி முருகன் கோயிலில் அன்னதானம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரே நாளில் தொண்டைமானாற்றுக்கு எழும்பிப் போயின. சமயம் மாறுவது அவற்றுக்கு ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை.

எல்லாம் குறைந்த அந்த வருடத்தில் குறையாமல் இருந்தது பிடியரிசி ஒன்றுதான். அதுதான் என்னுடைய முதல் திகைப்பு. பசியில் பிள்ளைகளின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்த வீடுகளிலிருந்து பெட்டிகள் விளிம்பு முட்ட வந்தன. மேலே அரிசி வெள்ளைவெளேரென்று கிடந்தது. பருத்தித்துறையிலிருந்து எப்போதாவது வருகிற பாதிரியார் அதைக் கண்டு கண்கலங்கி, இது அற்புதம் என்று பிரசங்கம் செய்தார். நானும் அற்புதம் என்றுதான் நினைத்தேன். ஆராதனை முடிந்ததும் பெட்டிகளை உபதேசியார் வீட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது நான்தான். முன்பெல்லாம் ஒரு கையில் இரண்டு பெட்டி தூக்குகிறவனுக்கு இப்போது ஒரு பெட்டியே தோள்மூட்டைக் கழற்றிற்று. விலை ஏறினால் அரிசிக்குப் பாரமும் ஏறும்போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

"பாரமாய்க் கிடக்கு உபதேசியார்," என்றேன்.

"ஓம்," என்றார். தன் கையிலிருந்த பெட்டியை நிலத்தில் வைத்து மூச்சு வாங்கினார். "பாரந்தான்."

அடுத்த மாதத்திலிருந்து என் கூலி அரிசியிலிருந்து தேங்காயாக மாறிற்று. நான் காரணம் கேட்கவில்லை.

இனி மூப்பர் கனகரத்தினத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து திரும்பியவர். ஊரில் பெரிய கல்வீடு அவருடையதுதான். பொன் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, வெள்ளைக் கோட்டு. ரயிலை அனுப்புகிற மாதிரித்தான் சபையையும் நடத்தினார். அவருடைய மகன்மார் சிங்கப்பூரில் இருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் விழுந்ததும் அதுவும் விழுந்தது. மகன்மாரைப் பற்றியும் செய்தி இல்லை. ஆனால் கோட்டுக் கசங்கவில்லை. உச்சிவேளையில் அவர் வீட்டுக் குசினிப் புகைக்கூண்டில் புகை நேரம் தவறாமல் எழும்பிற்று. அடுப்பில் என்ன இருந்ததோ, புகை மட்டும் வந்தது.

அந்தப் பஞ்சத்திலும் அவர் கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முற்றத்தில் பரப்புவதற்கென்று மணற்காட்டிலிருந்து ஒரு வண்டி வெள்ளை மணல் இறக்கினார். நான் வாயைப் பிளந்தேன். மற்றக் கிறிஸ்தவ வீட்டுக்காரர்களும், "எங்கடை முற்றத்துக்கும் ஒரு கடகம் தாருங்கோ" என்று வந்து அள்ளிப்போனார்கள். சோற்றுக்கு வழியில்லாத நேரத்தில் முற்றத்தை வெளுக்க நினைக்கிறார்களே, இதுதான் விசுவாசம் என்பது என்று வியந்தேன். குவியல் கிழமைக்குக் கிழமை பதிந்துகொண்டே போயிற்று. முற்றங்கள் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தன. அதேவேளை உபதேசியார் வீட்டுக் கிணற்றடி வெளுத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமைகளில் அருமைநாயகி அங்கே குந்தியிருந்து அரிக்கன்சட்டியை ஆட்டிக்கொண்டிருப்பாள். அரிசியில் கல் அரிக்கிற அந்தச் சட்டியின் உள்ளே வரிவரியாக இருக்கும். தண்ணீர் விட்டு ஆட்டினால் அரிசி மேலே வர, கல் வரியில் தங்கும். ஒரு வீட்டுக்கு அரிசி அரிக்க இவ்வளவு நேரமா என்று நினைத்தேனே தவிர, மணல் தானாக நடந்து ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்குப் போகாது என்பது என் புத்தியில் ஏறவில்லை.

இப்படி இருக்கிறபோதுதான் மார்கிரட் வெறும் பெட்டியை வைத்தாள்.

ஆராதனை முடிந்ததும் கனகரத்தினம் அவளை மேசையடிக்குக் கூப்பிட்டார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

"மார்கிரட், உதென்ன?"

"பெட்டி."

"பெட்டி எண்டு எனக்கும் தெரியுது. உள்ளுக்கை?"

"ஒண்டுமில்லை. வீட்டிலை இருக்கிறதிலைதானே மூப்பர் பிடி எடுக்கிறது? வீட்டிலை இருக்கிறதைத்தான் கொண்டுவந்தனான்."

பின் வாங்கில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். கனகரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் ஊரில் நாய்கூடக் குரைக்காது.

"வெறும் பெட்டியைக் கர்த்தரின்ரை மேசையிலை வைக்கிறது அவருக்குப் பழிப்புக் காட்டுற மாதிரி. கொண்டுவராமல் விட்டிருக்கலாம்."

"விட்டிருந்தால், மார்கிரட் பிடியரிசியைத் திண்டிட்டாள் எண்டு உங்கடை வீட்டிலைதான் முதல் கதைப்பினம்."

"வாயை மூடு. சபை முழுக்கத்தான் பட்டினி. ஒரு பெட்டி குறைஞ்சதோ? கஷ்டத்திலைதான் ஆரார் எப்பிடிப்பட்ட விசுவாசி எண்டு தெரியவரும். வாற ஞாயிறு உன்ரை பெட்டி நிரம்பி வரவேணும். இல்லாட்டி உன்ரை பெட்டையின்ரை ஓலை இந்தக் கோயிலிலை வாசிக்கப்படாது."

அதைக் கேட்டதும் மார்கிரட்டின் முகம் மாறிற்று. அவளுடைய மகள் இராசமலருக்குப் பருத்தித்துறையில் கலியாணம் பேசியிருந்தது. சூசைதாசன் என்பவரின் மகன். சீதனம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளை. அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் அப்படி ஒருவன் இருந்தான் என்பதை இப்போது சொன்னால் என்னைப் பொய்யன் என்பார்கள். கலியாணத்துக்கு முன் சபை நடுவே ஓலை வாசித்து, யாருக்கும் தடை உண்டா என்று கேட்கவேண்டும். வாசிக்காவிட்டால் கலியாணம் இல்லை. தகப்பன் திரும்பி வருவானா என்று தெரியாத பெண்ணுக்கு இரண்டாவது மாப்பிள்ளை எங்கிருந்து வருவான்?

மார்கிரட் உபதேசியாரைப் பார்த்தாள். "நீங்களும் ஒரு கதை கதையுங்கோவன், உபதேசியார்."

சிமியோன் அவளுடைய வெறும் பெட்டியின் மூடியை எடுத்து மெதுவாகப் பொருத்தினார். "வாற கிழமை பாப்பம்," என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் எங்கே கடன் கேட்பாள், எந்த வீட்டில் நெல் இருக்கிறது என்று ஊர் பேசிற்று. அவள் யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. பருத்தித்துறையிலிருந்து சூசைதாசன், மகனின் ஓலையைத் தன் காதால் கேட்கவென்று வண்டி கட்டி வந்திருந்தார். அவரை முதல் வாங்கில் இருத்தினார்கள். குடையைக் கால்களுக்கிடையில் நட்டு, பிடியில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். காணிக்கை நேரம் வந்தது. பெட்டிகள் தொம் தொம் என்று இறங்கின. கடைசியாக மார்கிரட் வந்தாள். பெட்டி இடுப்பில் இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். அவள் வைத்த சத்தம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சத்தமாக இருந்தது. எனக்கு ஏதோ போலிருந்தது. அவளும் பணிந்துவிட்டாள். போன கிழமை எறும்போடு வந்த பெட்டியை நான் உள்ளூர மெச்சிக்கொண்டிருந்தேன்.

கனகரத்தினம் எழுந்தார். "பாத்தியளோ? கேட்டால் கர்த்தர் தருவார் எண்டு சொன்னனானல்லோ. உபதேசியார், ஓலையை வாசியுங்கோ."

"முதல் பெட்டியைத் திறந்து பாருங்கோ மூப்பர்," என்றாள் மார்கிரட்.

"அது வழக்கமில்லை."

"போன கிழமை நான் திறந்து வைக்கேக்கை பாத்தியள்தானே? இண்டைக்கும் பாருங்கோ."

"வழக்கமில்லை எண்டு சொல்லுறன்!"

ஸ்ரேசன் மாஸ்டரின் குரல் உடைந்ததை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். அதற்குள் மார்கிரட் மூடியைத் தட்டிவிட்டுப் பெட்டியை மேசையில் கவிழ்த்தாள். சோவென்று கொட்டிற்று. மணல். மேலே தூவுவதற்கு ஒரு பிடி அரிசிகூட இல்லாத, முழு வெள்ளை மணல். மேசை விரிப்பில் குவிந்து, விளிம்பால் வழிந்து, சூசைதாசனின் காலடிவரை ஓடிற்று.

"உபதேசியார் வீட்டுக் கிணத்தடியிலை அள்ளினனான். அங்கை கடற்கரை வந்து கிடக்கு. அப்ப கடல் எங்கையெண்டு தேடினன். இது உங்கடை மணல்தான் மூப்பர். ஊரெல்லாம் சுத்திப்போட்டு உங்களிட்டையே வந்திருக்கு. எல்லாரும் வைக்கிறதை நானும் வைச்சிட்டன். இனி ஓலையை வாசிக்கச் சொல்லுங்கோ."

சூசைதாசன் எழுந்தார். காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, குடையைக் கக்கத்தில் வைத்தார். "நாங்கள் பிறகு கதைப்பம்," என்று யாரிடமோ சொன்னார். பெண்கள் பக்கத்தில் இராசமலர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள்.

"கர்த்தரின்ரை மேசையிலை மண்ணைக் கொட்டிப்போட்டு, மற்றவையிலும் பழியைப் போடுறாள்!" கனகரத்தினம் மேசையைச் சுற்றி வந்து உபதேசியாருக்கு நேரே நின்றார். "பெட்டியளைக் கொட்டுறது உங்கடை வீட்டிலை. நீங்கள் சொல்லுங்கோ. சபை முன்னாலை சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் எங்கடை பெட்டியளிலை வந்தது அரிசியோ, மணலோ?"

என் தோள்மூட்டுக்கு அது முன்பே தெரியும். மண்டைக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுசன் வாயால் இப்போது உண்மை வந்தால் கூரை விழும், விழட்டும் என்று காத்திருந்தேன். சிமியோன் மேசையில் கிடந்த மணலைப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக. மார்கிரட்டின் முகத்துக்கு வரும்போது கண்ணைத் தாழ்த்தினார்.

"அரிசிதான்," என்றார்.

பொய்யில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. சொல்லுகிறவனுடைய முகத்தில் ஒரு மினுக்கம் வரும். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. அந்தக் கோயிலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அது பொய் என்று தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெட்டியில் உண்மையாகவே அரிசி இருப்பதாக ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். தங்கள் ஒரு வீட்டின் மானத்தைக் காப்பாற்றத்தான் தேவமனுசன் பொய் சொல்லுகிறார் என்று எண்ணி எல்லாத் தலையும் ஒருமித்துக் குனிந்தன. பொய் இரக்கத்தால் வந்ததோ பயத்தால் வந்ததோ எனக்குத் தெரியாது. மார்கிரட்டுக்குப் பேச்சு நின்றதை என் வாழ்நாளில் ஒருமுறை கண்டேன் என்றால் அது அப்போதுதான்.

சூசைதாசன் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

அப்போது அருமைநாயகி எழுந்தாள். பாட்டுப் பாடும்போதும் வாயசைப்பாளே தவிரச் சத்தம் வராத பெண். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே மேசைக்கு வந்தாள். சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட ஒரு பெட்டியை எடுத்தாள். அது கனகரத்தினத்தின் வீட்டுப் பெட்டி என்று ஊருக்கே தெரியும். எடுத்துக் கவிழ்த்தாள். மேலே கிடந்த ஒரு பிடி அரிசி முதலில் விழுந்தது. அதை மூடிக்கொண்டு மணல் விழுந்தது.

கனகரத்தினம் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அருமைநாயகி அடுத்ததைக் கவிழ்த்தாள். அதற்கடுத்ததையும். ஒரு பிடி அரிசி, பிறகு மணல். ஒரு பிடி அரிசி, பிறகு மணல். ஒரு வீட்டில் மட்டும் உமி. பெண்கள் பக்கத்தில் ஒரு கூக்குரல் எழும்பிற்று. பிடிபட்டவர்களின் குரல் அல்ல அது.

"அக்கை, நீங்களுமோ?"

"நீயுமோடி?"

"ஐயோ, நான் மட்டுமெண்டெல்லோ நினைச்சன்! இரவிலை நித்திரையில்லாமல் கிடந்தனே!"

மேசையில் ஒரே ஒரு பெட்டி மிஞ்சிற்று. சாயம் போடாத, ஓரம் பிய்ந்த பெட்டி. உபதேசியாரின் வீட்டுப் பெட்டி. அருமைநாயகி அதில் கை வைத்தாள்.

"அருமை," என்றார் சிமியோன். "அதை விடு."

"ஏன் விட?"

"விடு எண்டுறன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் ஓமென்று தலையை மட்டும் அசைத்தார்.

"எப்ப தொட்டு?"

"முதல் கிழமையே. தூக்கேக்கை தெரிஞ்சது."

அருமைநாயகி பெட்டியைக் கவிழ்த்தாள். அதிலிருந்து விழுந்த மணல் மற்றெல்லா மணலையும்விட வெள்ளையாக இருந்தது. அரித்துக் கழுவிய மணல் அல்லவா.

"இவையின்ரை மணலை அரிச்சு, வந்த அரிசியைப் பிள்ளையளுக்குக் கஞ்சி வைச்சுப்போட்டு, அந்த மணலையே எங்கடை பெட்டியிலை போட்டு மேலை ஒரு பிடி தூவினனான்," என்றாள். சபைக்குச் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னாள். "ஞாயிறு ஞாயிறாய் நெஞ்சு வெடிக்கக் கொண்டுவந்து வைச்சனான். நீங்கள் தெரிஞ்சுகொண்டு பக்கத்திலை படுத்தெழும்பினியள். ஏனடி இப்பிடிச் செய்தனி எண்டு ஒரு சொல்லுக் கேட்டியளோ?"

"உன்னை நோகப்பண்ணக் கூடாதெண்டு..."

"நீங்கள் கேக்காததுதான் எனக்கு நோவு."

அதற்குப் பிறகு அவள் அழுதாள். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. உபதேசியார் சிமியோன் மேசையைப் பிடித்தபடி மெல்லமெல்ல இறங்கி, படியில் கிடந்த மணலிலேயே இருந்துவிட்டார். கனகரத்தினம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், என்னைத் தாண்டிப் பக்கவாசலால் வெளியே போனார். அவருடைய கோட்டிலிருந்து வந்த மணம் இன்றும் ஞாபகமிருக்கிறது. வெளுத்து, கஞ்சி போட்டு, மினுக்கிய கோட்டு. மனுசருக்கு இல்லாத கஞ்சி கோட்டுக்கு இருந்தது.

வாசலில் நின்ற சூசைதாசன் தொண்டையைச் செருமினார். "எங்கடை பக்கத்திலை தவிடு போடுறம்," என்றார். "மணல்... அந்த யோசனை எங்களுக்கு வரேல்லை."

சிரிக்கலாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மார்கிரட்டுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. மேசையடியில் குந்தி, மணலுக்குள் விரலை விட்டு ஓர் அரிசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அரிசி கிடக்கு உதுக்குள்ளை. சிந்திப்போட்டு ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்கிறியள்! அருமை அக்கை, கண்ணைத் துடையுங்கோ. அரிக்கன்சட்டி எங்கை?"

மேசை விரிப்போடு கூட்டி அள்ளி எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். வீடுகளுக்கு ஓடிப்போய் இன்னும் சட்டிகள் கொண்டுவந்தார்கள். ஆண்கள் துலாவில் ஏறித் தண்ணீர் இறைத்தார்கள். பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்து அரித்தார்கள். சூசைதாசன் குடையை மாமரத்தில் கொளுவிவிட்டு அடுப்புக்கு விறகு முறித்தார். ஓய்வுநாளில் அந்தச் சபை முழுவதும் வேர்க்க வேர்க்க வேலை செய்தது. பாவம் செய்ய என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் என்பாட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். உச்சிவேளை மணியை அடிக்க மறந்துபோனேன். அது நான் அந்தக் கோயிலில் தவறவிட்ட ஒரே மணி. தொண்டைமானாற்று மீன்களுக்கு அன்று என்ன நினைப்பு வந்ததோ.

உலை கொதிக்கிற நேரத்தில் உபதேசியார் வந்தார். வேட்டியில் மணல் ஒட்டியிருந்தது. கிணற்றுக்கட்டில் நின்று, இராசமலருக்கும் சூசைதாசனின் மகனுக்கும் உரிய கலியாண ஓலையை வாசித்தார். யாருக்கும் தடை உண்டா என்று கேட்டார். முதல் தடவையாக அவருடைய குரல் வேலிவரை கேட்டது. சட்டிகளில் தண்ணீர் ஆடுகிற சத்தத்தைத் தவிர வேறு பதில் இல்லை. அருமைநாயகி சட்டியிலிருந்து தலை நிமிரவில்லை. வாசித்து முடித்தவர் போய் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, அவள் அரித்துவைத்த சட்டியைக் கேட்டுக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவுமில்லை, விலக்கவுமில்லை. அவருடைய கை அங்கேயே இருந்தது.

கஞ்சி வந்தது. ஆளுக்கு ஒரு சிரட்டை. எனக்கும் தந்தார்கள். எத்தனை தரம் அரித்தாலும் மணல் முழுவதும் போகுமா? வாயில் வைத்ததும் நறநறவென்றது. நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் துப்பவில்லை. பெரியவர், சின்னவர் எல்லாரும் பேசாமல் இருந்து, அந்த மணலை மெல்லுகிற சத்தம் கிணற்றடி முழுவதும் நறநறவென்று கேட்டுக்கொண்டிருந்தது. அதுபோல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

வளவு வாசற் படலையடியில் வேப்பமரத்தின் கீழே கனகரத்தினம் நின்றார். வீட்டுக்கும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. அவருக்குப் பின்னால் அவருடைய கல்வீடு தெரிந்தது. உச்சி திரும்பிய பிறகும் புகைக்கூண்டில் புகை இல்லை. புகை மூட்டுகிற அவருடைய வீட்டுக்காரி இங்கே மற்றப் பெண்களோடு குந்தியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

மார்கிரட் ஒரு சிரட்டையை நிரப்பிக்கொண்டு எழுந்தாள். ஏசப் போகிறாள் என்று எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினோம். அவள் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இந்தாங்கோ மூப்பர், குடியுங்கோ. உங்கடை வீட்டுப் பிடியும் உதுக்குள்ளைதான் கிடக்கு."

அவர் அசையவில்லை.

"கல்லுக் கடிச்சால் துப்பிப்போடாதையுங்கோ. ஆர் வீட்டுக் கல்லெண்டு தெரியாது."

சிரட்டையை அவருடைய கைக்குள் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்துவிட்டாள். கனகரத்தினம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கஞ்சியின் ஆவி மேலெழும்பி அவருடைய பொன் சட்டக் கண்ணாடியை மெல்ல மெல்ல மூடிற்று. துடைப்பதற்கு அவரிடம் கை மிச்சமில்லை.